வினைல் டைல் பெயர்ந்து வருகிறதா? வேறு பசை வாங்கும் முன் செய்ய வேண்டியவை

ஒட்டிய வினைல் டைல் மூலை தூக்குகிறது, நடந்தால் சடசடக்கிறது, நடுவில் உப்புகிறது. கடையில் போய்ச் சொன்னால், "வேற கம் போட்டுப் பாருங்க சார்" என்பார்கள். ஒட்டியவரைக் கேட்டால் டைல் தரம் சரியில்லை என்பார். சென்னையில் கடலுக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே நிறைய அலைந்தாகிவிட்டது. கடைசியில் பிரச்சினை இருந்தது தரையில். அதை யாரும் குனிந்து பார்க்கவே இல்லை.

நீங்கள் புதிதாக ஒட்டப் போகிறவராக இருந்தாலும் சரி, ஒட்டியது பெயர்ந்து நிற்கிறவராக இருந்தாலும் சரி, கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். இது பசை கொண்டு ஒட்டும் டைலுக்கும், பின்பக்கத் தாளை உரித்து ஒட்டும் டைலுக்கும் பொருந்தும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் எஸ்பிசி பலகைக்கு (கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கெட்டிப் பலகை) பசையே கிடையாது என்பதால் அதைப் பற்றி ஓரிரு இடங்களில்தான் பேசுகிறேன்.

1. பெயர்ந்த டைலைப் புரட்டிப் பாருங்கள்

முதலில் ஒரு தாளில் அறையின் படத்தைக் கட்டம் போட்டு வரைந்து, எந்தெந்த டைல் தூக்கியிருக்கிறது என்று குறியுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி மட்டும் என்றால் நீர்க்கசிவைச் சந்தேகிக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் நேரே என்றால் வெயில். வெளிச்சுவர் ஓரமெல்லாம் என்றால் அடியிலிருந்து ஏறும் ஓதம். அறை முழுக்கச் சீராகப் பெயர்ந்தால் தரையைத் தயார் செய்ததிலோ பசையிலோ கோளாறு.

அப்புறம் இரண்டு டைல்களைக் கழற்றுங்கள். ஒன்று பெயர்ந்த இடத்திலிருந்து, மற்றொன்று நன்றாக ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து. தலைமுடி உலர்த்தும் டிரையரை அரை நிமிடம் காட்டினால் பசை இளகும். பெயின்டர்கள் வைத்திருக்கும் பட்டி பிளேடை மூலையில் நுழைத்து மெதுவாகத் தூக்கலாம். இரண்டின் அடிப்பக்கத்தையும், அவை இருந்த இடத்துத் தரையையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பசை முழுவதும் டைலோடு வந்து, அதன்மேல் மெல்லிய சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தால், பசை தரையைப் பிடிக்கவில்லை, தரைமேல் இருந்த தூசியைத்தான் பிடித்திருக்கிறது. பழைய சிமென்ட் தரையில் இது சாதாரணம். உள்ளங்கையால் தரையைத் தேய்த்தால் கை வெளுக்கும்.

பசை பிசுபிசுவென்று இருக்கிறது, விரலில் அழுத்தி ஒட்டிக்கொள்கிறது, ஆனால் தரையில் மட்டும் பசையின் சுவடே இல்லாமல் பளபளவென்று இருக்கிறதா? தரைமேல் மெழுகோ எண்ணெயோ ஃபினாயில் படலமோ இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் எவ்வளவு விலையுள்ள பசையை மாற்றினாலும் இதே கதைதான்.

பசை மோர் சிந்தியதுபோல் வெளுத்து ஈரமாக இருந்தால், அல்லது டைலின் ஓரத்தில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால், அடியிலிருந்து ஈரம் வருகிறது. தண்ணீர் கலந்த அக்ரிலிக் பசை காய்ந்த பிறகும் தொடர்ந்து ஈரம் பட்டால் மறுபடி இளகிவிடும். இணைப்புகளின் வழியே பழுப்பு நிறப் பிசின் கசிந்து வந்தால், புதுக் கான்கிரீட்டின் காரம் பசையைத் தின்றிருக்கலாம், அல்லது வினைலுக்கு ஒவ்வாத பசையைப் பூசியிருக்கலாம்.

பசை தரையில் வரி வரியாகப் பூசியது பூசியபடி நிற்க, டைலின் அடி சுத்தமாக இருந்தால் இரண்டில் ஒன்று: பசை காய்ந்த பிறகு டைலை வைத்திருக்கிறார்கள், அல்லது வைத்த பிறகு மேலே உருளை (ரோலர்) ஓட்டி அழுத்தவில்லை. இதற்கு நேர் எதிராக, இழுக்கும்போது பசை நூல் நூலாக நீண்டு, டைல் வழுக்கினால், ஈரம் ஆறும் முன்பே ஒட்டிவிட்டார்கள். வழவழப்பான தரையில் தண்ணீர் கீழே போக வழியில்லாததால் அந்த ஈரம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

டைல் நன்றாகவே ஒட்டியிருக்கிறது, இரண்டு டைல்கள் சந்திக்கும் கோடு மட்டும் மேலே குவிந்து நிற்கிறது என்றால் ஒட்டும் தன்மையில் குறையே இல்லை. சுவரோரம் இடைவெளி விடாமல் நெருக்கி அடித்திருக்கிறார்கள். சூட்டில் விரிந்தது போக இடமில்லாமல் எழும்பிவிட்டது.

கழற்றியதையும் தரையையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னால் கடைக்காரரிடம் பேச இது வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பழைய அலுவலகக் கட்டடத்திலோ மிகப் பழைய குடியிருப்பிலோ ஏற்கெனவே வினைல் டைல் இருந்து, அது 1980களுக்கு முந்தையதாகத் தோன்றினால், அதைச் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ வேண்டாம். அந்தக் காலத்து டைல்கள் சிலவற்றிலும் அவற்றின் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. உடைக்காமல் விட்டால் பெரிய ஆபத்தில்லை, பொடியாக்கினால்தான் வினை.

2. ஈரம் இருக்கிறதா என்று சோதியுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. இத்தனைக்கும் செலவு அதிகமில்லை.

கனமான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விடுங்கள். அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவரோரம் ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று என்று மூன்று இடங்களில் போடுங்கள். நேர் வெயில் படும் இடம் வேண்டாம்.

உரிக்கும்போது தாளின் அடிப்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, மூடியிருந்த தரை சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருந்தாலோ ஈரம் தரையிலிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் ஈரம் என்றால் அது அறைக் காற்றின் ஈரம். அது வேறு விஷயம்.

ஒரு பொறி இருக்கிறது. ஏப்ரலில் செய்த சோதனை தரை காய்ந்திருக்கிறது என்று சொல்லும். அதே தரை நவம்பரில் நனைந்து நிற்கும். தரைத்தள வீடு என்றால் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஒரு தடவை சோதித்துவிடுங்கள். முந்தைய மழைக்காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் பெயின்ட் உப்பி உதிர்ந்ததா என்று நினைத்துப் பாருங்கள். உதிர்ந்தது என்றால் சோதனையே தேவையில்லை, ஓதம் இருக்கிறது.

புதிதாகப் போட்ட சிமென்ட் தளமா? ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று உலரும் நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு வாரத்துல காஞ்சிடும்" என்று கொத்தனார் சொல்வது, மேலே நடக்கும் அளவுக்குக் காய்வதைத்தான். வினைலுக்கு அது போதாது. காரத்தையும் பார்த்துவிடலாம்: தரையில் ஓர் இடத்தில் காய்ச்சி வடித்த நீரைச் சில துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து பிஎச் தாளைத் தொட்டுப் பாருங்கள். 10ஐத் தாண்டினால் இப்போது ஒட்ட வேண்டாம். பசை டப்பாவில் இதைவிடக் குறைந்த எண் போட்டிருந்தால் அதுவே கணக்கு.

ஈரம் இருந்தால் என்ன செய்வது? குளியலறைக் கசிவு என்றால் முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள். அடைத்து, தரை காய்ந்து, மறுபடி தாள் சோதனையில் தேறிய பிறகுதான் மற்றதெல்லாம். அடியிலிருந்து ஏறும் ஓதம் என்றால் இரண்டு பாகம் கலந்து பூசும் எபாக்ஸி ஈரத்தடுப்புப் பூச்சு இருக்கிறது. வேலை செய்யும், ஆனால் செலவு அதிகம், பூசத் தெரிந்த ஆளும் வேண்டும். என் கருத்தைக் கேட்டால், ஓதம் ஏறும் பழைய தரைத்தள வீட்டில் ஒட்டும் வினைலையே விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பின்மேல் பூட்டும் எஸ்பிசி பலகை போடுங்கள், அல்லது சாதாரணப் பீங்கான் டைலே போதும். எங்கள் கூடத்துக்குக் கடைசியில் அந்த முடிவுதான் எடுத்தோம். படுக்கையறையில் மட்டும் வினைல் ஒட்டி, அது நிற்கிறது.

3. உங்கள் தரை எந்த வகை?

ரெட் ஆக்சைடு தரை: பார்க்க அழகு, ஒட்டுவதற்குத் தொல்லை. வருடக்கணக்காக மெழுகும் தேங்காய் எண்ணெயும் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். மேலே கழுவினால் மட்டும் போகாது. 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் மெருகு போகும்வரை தேய்க்க வேண்டும். சொல்லப்போனால், விரிசல் இல்லாத நல்ல ரெட் ஆக்சைடு தரை இருந்தால் அதன்மேல் வினைல் எதற்கு என்றுதான் கேட்பேன்.

மொசைக்: இதுவும் மெழுகுப் பாலிஷ் கண்டது. மெருகைப் போக்க ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். வேண்டாம். மொசைக்கில் இருப்பது பளிங்குச் சில்லு. ஆசிட் பட்டால் பொங்கிக் குழி விழும், மிச்சம் தங்கும் ஆசிட் பின்னால் பசையையும் கெடுக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்ப்பது இன்னும் மோசம், குளோரின் வாயு கிளம்பும்.

பளபளப்பான பீங்கான், விட்ரிஃபைடு டைல்: தண்ணீரை உறிஞ்சாது. பசையின் ஈரம் மேல் வழியாகத்தான் போக வேண்டும். முதலில் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் கேட்கும் டைல் அடியில் பிடிப்பில்லாமல் இருக்கிறது; அதை எடுத்துவிட்டுச் சிமென்ட் நிரப்பாமல் மேலே ஒட்டினால் இரண்டும் சேர்ந்து ஆடும்.

கடப்பாக்கல்: சமையலறைத் தரையில் இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கும். கவனமாகக் கழுவ வேண்டும்.

சிமென்ட் தரை: ஒட்டுவதற்கு நல்லது, தூசி எழும்பாமல் இருந்தால். தரையில் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிக்கொண்டால் உறிஞ்சும் தரை. முத்து முத்தாக நின்றால் உறிஞ்சாத தரை, அல்லது மேலே ஏதோ படலம் இருக்கிறது. பசை டப்பாவில் இந்த இரண்டு வகைக்கும் தனித்தனி காத்திருப்பு நேரம் போட்டிருப்பார்கள்.

4. கழுவுவது

நம் வீடுகளில் தினமும் ஃபினாயில் விட்டுத் துடைக்கிறோம். அது ஒவ்வொரு தடவையும் தரைமேல் எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுப் போகிறது. டைல் ஒட்டுவதற்கு முந்தைய நாள் "சுத்தமா இருக்கட்டும்" என்று இன்னும் ஒரு மூடி கூடுதலாக ஊற்றித் துடைப்பவர்கள் உண்டு. வேலை முடியும்வரை ஃபினாயில் பாட்டிலை ஒளித்து வையுங்கள்.

வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடாவும் சிறிது பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, கெட்டித் தூரிகையால் தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பூஜை மூலையில் நல்லெண்ணெய் சிந்திய இடம், அடுப்படியின் முன்னால் உள்ள இடம் இரண்டையும் இரண்டு மூன்று முறை தேய்க்க வேண்டியிருக்கும். பிறகு வெறும் தண்ணீரால், தண்ணீர் நுரையில்லாமல் வரும்வரை அலசுங்கள். அலசாமல் விட்ட சோப்பும் ஒரு படலம்தான்.

பெயின்ட் சொட்டு, பழைய பசை, சிமென்ட் கட்டி எல்லாவற்றையும் பட்டி பிளேடால் சுரண்டி எடுங்கள். உப்புத்தாள் போட்ட பின் துடைப்பம் போதாது. வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சுங்கள், அல்லது ஈரத்துணியால், துணியில் தூசி ஒட்டாத நிலை வரும்வரை துடையுங்கள். கறுப்புத் துணியால் துடைத்தால் தூசி மிச்சமிருப்பது சட்டென்று தெரியும். சிறிது டேப்பைத் தரையில் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிய்த்துப் பாருங்கள். டேப்பில் பொடி வந்தால் தரை இன்னும் தயாராகவில்லை.

காய இரண்டு நாள் விடுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் கூடுதலாக.

5. மட்டம் பார்ப்பது

பத்தடி நீளத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. நீளமான அலுமினியப் பட்டையைத் தரையில் வைத்து, அடியில் வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பார்த்தால் போதும். மேடு இருக்கும் இடத்தில் டைல் நடுவில் மட்டும் பிடிக்கும், பள்ளத்தில் ஓரம் மட்டும் பிடிக்கும். 2 மில்லிமீட்டர் வினைல் எதையும் மறைக்காது. பீங்கான் டைலின் இணைப்புக் கோடுகள் சில மாதங்களில் அப்படியே மேலே தெரியும்.

இங்கேதான் பெரிய பொறி. கோடுகளை நிரப்ப வால் பட்டியோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ போடலாம் என்று சொல்வார்கள். மலிவு, சீக்கிரம் காயும். சுவருக்குச் செய்த பொருள் அது. காலடி அழுத்தத்தில் பொடியாகும், ஈரம் பட்டால் கரையும், டைல் அந்தப் பொடியோடு கிளம்பி வரும். சிமென்ட் சார்ந்த தரை நிரப்பியோ, தானே மட்டமாகப் பரவும் செல்ஃப் லெவலிங் கலவையோதான் வேண்டும்.

கணக்கு இப்படி: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 1.7 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஏறத்தாழ 11 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் பரப்ப 57 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை மூன்று. தண்ணீர் அளவை மூட்டையில் போட்டபடி அளந்து ஊற்றுங்கள். "கொஞ்சம் இளக்கமா இருந்தா நல்லா ஓடும்" என்று சித்தாள் கூடுதல் தண்ணீர் ஊற்றினால் மேலே பலவீனமான பொடிப் படலம் மிதந்து காயும், முதல் படிக்கே திரும்ப வந்துவிடுவீர்கள். இந்தக் கலவை ஊற்றினால் கதவின் அடிப்பாகம் உரசுமா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

6. பிரைமர்

உறிஞ்சும் சிமென்ட் தரைக்கு அக்ரிலிக் பிரைமர். இல்லாவிட்டால் தரை பசையின் ஈரத்தைக் குடித்து, டைல் வைக்கும் முன்பே காய வைத்துவிடும். பளபளப்பான டைல் தரைக்கு மணல் கலந்த, சொரசொரப்பாகக் காயும் பிரைமர். இரண்டும் வெவ்வேறு; ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது. தாளை உரித்து ஒட்டும் டைலுக்குப் பிரைமர் தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். சிமென்ட் தரையில் அதற்குத்தான் பிரைமர் அதிகம் தேவை. அந்தப் பசைப் படலம் அத்தனை மெல்லியது.

7. எந்தப் பசை

டைல் பெட்டியிலோ அதன் தொழில்நுட்பத் தாளிலோ எந்த வகைப் பசை என்று போட்டிருக்கும். பொதுவாக வினைல் பலகைக்கு அழுத்தினால் ஒட்டும் அக்ரிலிக் பசை. தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை சரிப்படாது. பிளைவுட்டில் மைக்கா ஒட்டும் ரப்பர் பசை முதலில் பேய்ப்பிடியாகப் பிடிக்கும். வினைலை வளையச் செய்யக் கலந்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல அதற்குள் இறங்கி, காலப்போக்கில் அதைக் கூழாக்கிவிடும். போதாக்குறைக்கு அதன் ஆவி தீப்பிடிக்கும். கதவைச் சாத்தி வைத்துப் பூசினால் பக்கத்து அறை விளக்கு, அடுப்பு எல்லாமே ஆபத்து.

பசையைப் பரப்பப் பல் வைத்த கரண்டி வேண்டும். வினைலுக்கு 1.6 மில்லிமீட்டர் அளவிலான சிறு பல். பீங்கான் டைல் ஒட்டும் பெரிய பல் கரண்டியைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். பசை மலைபோல் நின்று காயாது. பழைய கரண்டியின் பல் தேய்ந்திருந்தால் பசை குறைவாக விழும். ஒரு டப்பா இத்தனை சதுர அடிக்கு என்று எழுதியிருக்கும். அதைவிட மிக அதிகப் பரப்புக்கு வந்துவிட்டது என்று ஒட்டுபவர் சந்தோஷப்பட்டால் நீங்கள் சந்தோஷப்படாதீர்கள்.

8. வாங்கும்போது கேட்க வேண்டியவை, செலவு

எங்கள் பகுதிக் கடைகளில் 2 மில்லிமீட்டர் வினைல் பலகை சதுர அடிக்கு 50 முதல் 100 ரூபாய்வரை சொன்னார்கள். ஒட்டுகூலி 15 முதல் 25 ரூபாய். உங்கள் ஊரில் மாறும். சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது. 120 சதுர அடி அறைக்கு வெட்டுச் சேதம் பத்து சதவீதம் கூட்டி 132 சதுர அடி வாங்க வேண்டும். ஆறங்குலத்துக்கு மூன்றடிப் பலகை ஒன்று ஒன்றரை சதுர அடி. ஆக 88 பலகைகள். சதுர அடி 65 ரூபாய் என்றால் 8,580, வரியோடு 10,100க்குச் சற்று மேல். லெவலிங் கலவை, பிரைமர், கழுவும் கூலி எல்லாம் சேர்ந்தால் தரையைத் தயார் செய்யும் செலவே டைல் விலையில் பாதியைத் தொடும். மலிவாகப் பேசுபவர் இந்தப் பாதியைத்தான் விட்டுவிட்டுப் பேசுகிறார்.

காகிதங்கள்: எச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளின் வகையைக் குறிக்கும் எண்) போட்ட ஜிஎஸ்டி பில் (பிளாஸ்டிக் தரைவிரிப்புக்கு 3918), வாரண்டி அட்டை, டைலுக்கும் பசைக்கும் தொழில்நுட்பத் தாள். எல்லாப் பெட்டிகளிலும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று பார்த்து, பெட்டியின் லேபிளைப் படமெடுங்கள். வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் "தரை ஈரம் காரணமாகப் பெயர்ந்தால் பொறுப்பல்ல" என்று இருக்கும். பரிந்துரைத்த பசை தவிர வேறு போட்டாலும் பொறுப்பு போய்விடும். ஆகவே உங்கள் பிளாஸ்டிக் தாள் சோதனையைத் தேதியோடு படமெடுத்து வைத்திருப்பது நல்லது. ஒட்டுபவரிடம் தரை தயாரிப்பு யார் பொறுப்பு, பெயர்ந்தால் எத்தனை மாதத்துக்குள் வந்து பார்ப்பார் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். காலி செய்யும்போது பசைக் கறையைக் காட்டி முன்பணத்தில் பிடிப்பார்கள்.

கடை கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். 5 லட்சம் ரூபாய்வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லாமல் வாங்கியவருக்கு இந்த வழி ஏறக்குறைய அடைபட்டதுதான்.

9. ஒட்டும் நாள்

சென்னை மாதிரி ஊர்களில் பிப்ரவரி முதல் ஜூன்வரை வசதியான காலம். அக்டோபர் முதல் டிசம்பர்வரை தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

டைல் பெட்டிகளை இரண்டு நாள் முன்பே அந்த அறையில் படுக்கை வாட்டத்தில் வையுங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் வளைந்துவிடும். அந்த வளைவு ஒட்டிய பிறகும் மூலையைத் தூக்கும். மொட்டை மாடிக்கு அடியில் உள்ள அறை, வெயில் விழும் அறை என்றால் திரையைப் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள். ஏசி உண்டென்றால் வழக்கமாக வைக்கும் அளவிலேயே ஓடட்டும்.

அறையின் நடுவில் நூல் அடித்து, பசை இல்லாமல் ஒரு வரிசை பரப்பிப் பாருங்கள். சுவரோரம் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி. சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துக்கொள்ளும். டைலின் பின்னால் அம்புக்குறி இருந்தால் அது சொல்லும் திசையில் வையுங்கள்.

பசையைப் பரப்பிய பின் காத்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளையாக இருக்கும் பசை நிறமிழந்து கண்ணாடியாக வேண்டும். விரலை வைத்து எடுங்கள்: ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் பசை வரக் கூடாது. கடற்கரைப் பக்கத்துக் காற்றில் டப்பாவில் போட்ட நேரத்தைவிட அதிகமாகும். அவசரப்பட்டு ஃபேனைத் தரைமேல் நேராக வீசவிட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், தூசியும் வந்து விழும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் பசை போடுங்கள்.

ஒட்டியதும் உருளை. பெரிய வேலைகளுக்கு 45 கிலோ எடையுள்ள உருளை பயன்படுத்துகிறார்கள். சில கடைகள் வாடகைக்குத் தருகின்றன. கிடைக்காவிட்டால் கை உருளையில் முழு எடையையும் கொடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு திசைகளிலும் ஓட்டுங்கள். சிறிய மூலைகளுக்குத் துணி சுற்றிய பூரிக்கட்டை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. வெறும் காலால் மிதித்து அழுத்துவது உருளைக்கு ஈடாகாது.

தாளை உரித்து ஒட்டும் டைல் என்றால் ஒன்று கூடுதல்: வைத்ததைப் பிய்த்து நகர்த்தாதீர்கள். ஒருமுறை தரையைத் தொட்ட பசை மறுபடி அதே பிடிப்பைத் தராது. உரித்த தாளை உடனே மூட்டை கட்டுங்கள், அதில் காலை வைத்தால் வழுக்கி விழுவீர்கள்.

10. ஏற்கெனவே ஒட்டியதைச் சரிசெய்வது

ஒன்றிரண்டு மூலைகள்தான் என்றால்: டிரையரால் சூடாக்கி, மூலையைத் தூக்கி, அடியிலுள்ள தூசியைத் துடைத்து, பழைய பசை கெட்டியாக இருந்தால் சுரண்டி, அதே வகைப் பசையை மெல்லியதாகத் தடவி, ஆறவிட்டு அழுத்துங்கள். மேலே பலகை வைத்து, அதன்மேல் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, ஒரு நாள் முழுக்க. தின்னரோ பெட்ரோலோ போட்டுப் பசையைக் கரைக்காதீர்கள், டைலும் சேர்ந்து கரையும்.

நடுவில் உப்பிய குமிழி என்றால் சன்னமான ஊசியால் ஓரமாகக் குத்திக் காற்றை வெளியேற்றி, சூடாக்கி உருட்டலாம். காற்றுக்குப் பதில் ஈரம் வந்தால் நிறுத்திவிட்டு இரண்டாம் படிக்குப் போங்கள்.

இணைப்பு குவிந்து நிற்கும் தரைக்கு, சுவரோர டைல்களின் விளிம்பைக் கத்தியால் வெட்டி இடம் விட்டால் போதும். அறையில் கால்வாசிக்கு மேல் பெயர்ந்திருந்தால் ஒவ்வொன்றாக ஒட்டு வேலை பார்ப்பதில் அர்த்தமில்லை. முழுவதும் எடுத்து, மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள். அடியில் பொடி ஒட்டிய டைலைக் கழுவி மறுபடி பயன்படுத்தப் பார்க்காதீர்கள். கூடுதலாக வாங்கி வைத்த அந்தப் பத்து சதவீதம் இதற்குத்தான்.

11. ஒட்டிய பிறகு

ஒரு நாள் நடக்க வேண்டாம். கட்டில், பீரோ மூன்று நாள் கழித்து. இழுத்துத் தள்ளாமல் தூக்கி வையுங்கள். ரப்பர் அடி வைத்த மிதியடி வேண்டாம், வினைலில் மஞ்சள் கறை விழும், போகாது.

ஐந்து நாட்களுக்குத் தண்ணீர் படக் கூடாது. அதற்குப் பிறகும் வாளித் தண்ணீரை வீசிக் கழுவுவது கிடையாது. நன்றாகப் பிழிந்த மாப் மட்டும். இணைப்பு வழியே இறங்கும் தண்ணீர் ஓரங்களைக் கிளப்பிவிடும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர் ஊருக்குப் போனால் பதிலுக்கு வருபவரிடமும்.